எட்டு முறை விடிந்த நாள்

வரவேற்பறையில் ஒரு பெண் இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், நாள் தப்புத் தப்பாக விடிகிறது என்று புகார் சொல்கிறாள், மனநிலை சரியில்லாதவள் போலிருக்கிறது, காவலாளியை விட்டு அனுப்பிவிடலாமா என்று கீழ்த்தளத்திலிருந்து கேட்டார்கள். ருகையா போனை வைத்துவிட்டு ஏழு மாடியும் படியிறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை அவளுக்கு எப்போதுமே கிடையாது.

நாள் விடிவதுதான் அவளுடைய வேலை. இழை என்ற கணினி மொழியைப் பராமரிக்கிற நிறுவனம் அது. ஆட்டோ மீட்டரிலிருந்து அணைக்கட்டு மதகு வரை இந்த மாநிலத்தில் ஓடுகிற முக்கால்வாசி இயந்திரங்களுக்குள் இழையில் எழுதிய நிரல்தான் இருக்கிறது. அதில் வட்டார அமைப்புப் பிரிவுக்கு அவள் தலைவி. ஓர் இயந்திரம் எந்த மொழியில் பேச வேண்டும், எண்ணில் புள்ளி எங்கே வரும், தேதியில் மாதம் முன்னா பின்னா, நாள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதையெல்லாம் இயந்திரம் தானாக முடிவு செய்யாது. பயன்படுத்துகிறவர் வைத்திருக்கும் ஒரு சின்னக் கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அந்தக் கோப்புக்குத்தான் வட்டார அமைப்பு என்று பெயர்.

கீழே போனதும் முதலில் கண்ணில் பட்டது சோபாவின் மேல் விரித்திருந்த செய்தித்தாள். துணியில் தூசி ஒட்டிவிடுமாம், வரவேற்பறைப் பெண் அதை விரித்து அதன் மேல் அவளை உட்காரவைத்திருந்தாள். ருகையாவுக்கு அங்கேயே சுர்ரென்று ஏறியது. உட்கார்ந்திருந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. தூசி என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை.

"நீங்கதான் பல்லிக்கு மேடமா?" என்று அவள் எழுந்தாள்.

"பல்லியா?"

அவள் பையிலிருந்து உள்ளங்கை அகல வில்லை ஒன்றை எடுத்தாள். மூச்சு வில்லை. ஈயம் உருக்கும் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்து ஐந்து வருடமாகிறது. மூச்சில் போகும் ஈயத்தூளை அது அளக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. அதுவரை பச்சை, நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் அவர் நிற்கும் இயந்திர வரிசையே நின்றுவிடும், அவருக்கு ஏழு நாள் சம்பளத்தோடு ஓய்வு, கர்ப்பிணி என்றால் பிரசவம் வரைக்கும். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு டிக் டிக் என்று சத்தம் போடுவதால் பெண்கள் அதைப் பல்லி என்றார்கள்.

"என் பேரு தனக்கொடி. செங்கரை தொழிற்பேட்டையில செத்த பேட்டரி உடைக்கிற கம்பெனி. இந்தப் பல்லி பொய் சொல்லுது மேடம். பின்னாடி உங்க கம்பெனி பேரு போட்டிருக்குது. பதினோரு லெட்டர் போட்டேன். உங்க கருத்துக்கு நன்றின்னு பதினோரு பதில் வந்துது."

"என்ன பொய் சொல்லுது?"

"காலைல ஏழு மணிக்கு ஷிப்ட் ஏறுவோம், மூணு மணிக்கு இறங்குவோம். அதுக்குள்ள எட்டு வாட்டி விடியுது." அவள் வில்லையின் சின்னத் திரையைக் காட்டினாள். "மணிக்கொரு தரம் 'புதிய நாள் வணக்கம்'னு எழுத்து வரும். வந்த உடனே கணக்கு பூஜ்யத்துக்குப் போயிரும். மஞ்சள் கிட்ட வரும்போதே மறுபடி பச்சை. நாலு வருஷமா அங்க ஒருத்தி நெஞ்சுலயும் சிவப்பு எரிஞ்சதில்ல. நாங்களும் மொதல்ல சிரிச்சோம். ஒரு நாள்ல எட்டு நாள் வாழுறோம்டின்னு பேசிக்குவோம்."

அவள் ஒரு கட்டு தாள் நீட்டினாள். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வணக்கம் வந்த நேரம் எழுதியிருந்தது. ஏழு ஐம்பது, எட்டு ஐம்பது, ஒன்பது ஐம்பது. பழைய தாள்களில் எழுத்து நிமிர்ந்து நின்றது. புதிய தாள்களுக்கு வர வர அது சரிந்து, கடைசிப் பத்துத் தாள்களில் வெறும் கிறுக்கலாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் இரண்டரை மணி நேரத்துக்கு முன் அவள் போட்ட கையெழுத்தும் கோட்டைத் தாண்டிக் கோணல்மாணலாகப் போயிருந்தது.

ருகையா அப்போதுதான் அவள் கையைக் கவனித்தாள். வலது மணிக்கட்டு தொங்கியது.

"தூக்க வராது மேடம். ஈயம் நரம்புல ஏறினா இப்பிடித்தான்னு தர்மாஸ்பத்திரில சொன்னாங்க." தனக்கொடி கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். ஈறின் விளிம்பில் மெல்லிய நீலக் கோடு ஓடியது. "நான் போனது போவட்டும். ரெண்டு புள்ள வயித்துலயே கலைஞ்சிருச்சி, அதுவும் போவட்டும். என் தங்கச்சி பவுனு அங்கதான் உலைகிட்ட நிக்கிறா. அஞ்சு மாசம். பல்லி பச்சை காட்டுற வரைக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிடுவாங்க. பச்சைல லீவு கேட்டா மறுநாள் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. அது உண்மைய சொன்னாப் போதும், வேற ஒண்ணும் கேக்கல."

எழுதித் தீர்த்தாயிற்று, வந்து பார்த்தாயிற்று, இனி செய்ய வேண்டியது நீ என்கிற தோரணையில் அவள் வில்லையை ருகையாவின் கையில் வைத்தாள்.

தன் அறைக்கு வந்து வில்லையைக் கணினியோடு இணைத்து அதன் வட்டார அமைப்புக் கோப்பைத் திறக்க ருகையாவுக்கு நான்கு நிமிடம் ஆனது. மொழி: தமிழ். எண்கள்: வழக்கமானவை. நாள் தொடக்கம் என்ற இடத்தில் ஒரு நேரம் இருக்க வேண்டும். அங்கே இருபத்துநான்கு நேரங்கள் இருந்தன. ஆலைக் கணினியில் பார்த்தால் அங்குள்ள இருநூற்றுப் பன்னிரண்டு வில்லைகளிலும் இதே கோப்பு, எல்லாம் ஒரே நிமிடத்தில் ஏற்றப்பட்டவை. ஆளெடுக்கும் குத்தகைக்காரர் பரசுராமனின் கணக்கிலிருந்து. டிக் சத்தத்தைக்கூட அந்த ஆள் குறைத்து வைத்திருந்தான். வணக்கம் சொல்லும் வரியை நிறுத்த மட்டும் மறந்துவிட்டான்.

அயோக்கியன் என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் அயோக்கியர்கள் இருப்பார்கள் என்று தெரிந்துதான் இழையையே கட்டினார்கள். வெளியாள் கொடுக்கிற எதையும் இழை நம்பாது, அதன் மேல் கறை என்று ஒரு குறி வைத்துவிடும். வட்டாரக் கோப்பு வெளியாள் கொடுப்பது. அதிலிருந்து எடுத்த நேரத்தைத் திரையில் காட்டலாம், பண்டிகை சொல்லலாம். உயிர் காக்கும் பூட்டையோ கணக்கையோ தொட அந்தக் கறை விடாது. அப்படியானால் இது எப்படி நடந்தது? கறையை யாராவது துடைத்திருக்க வேண்டும். துடைக்கலாம், ஒரே வரி போதும். இந்த மதிப்புக்கு நான் பொறுப்பு என்று ஒரு நிரலர் எழுதிவிட்டால் இழை வாயை மூடிக்கொள்ளும்.

அந்த வரியைத் தேடி எடுத்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய வரி. எழுதியவர் பெயர்: ருகையா.

 எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. அதைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

அவளுடைய வாப்பா காயல்பட்டினத்தில் ஒரு வியாழக்கிழமை அந்தியில், மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். சூரியன் சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே அது வெள்ளி இரவு. வெள்ளியில் மௌத்தாகிறவர்கள் பாக்கியவான்கள் என்று உம்மாவுக்கு அதில் ஒரு பெரிய ஆறுதல். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் வியாழன் என்று அடித்தார்கள். போன் வருடா வருடம் வியாழன் கணக்கில்தான் ஞாபகப்படுத்தியது. உம்மா ஒவ்வொரு தடவையும் அந்தப் போனைத் திட்டுவாள். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாள் பிறக்கிறது என்று எந்தத் துரை முடிவு செய்தான், அதை ஏன் நான் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது ருகையாவுக்குப் பல வருடத்துக் கோபம்.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கடிதம் வந்தது. பண்பாட்டு உரிமைக் குழு என்ற பெயரில், கீழே நாற்பத்தாறு கையெழுத்துகளோடு. 'எங்கள் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. எங்களில் சிலருக்கு அந்தியில் பிறக்கிறது, சிலருக்கு உதயத்தில் பிறக்கிறது, ஒரே வீட்டில் இரண்டு கணக்கும் உண்டு. எங்கள் நாளை எங்களைக் கேட்டு எழுதுங்கள்.' படித்து முடித்தபோது ருகையாவின் கண் கலங்கிவிட்டது. ஒரே வாரத்தில் எழுதினாள். எத்தனை தொடக்கம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எழுதினாள். சோதித்தபோது இழை வழக்கம்போல அதன் மேல் கறைக் குறி வைத்தது. நள்ளிரவுக்குக் கறை இல்லை, அவளுடைய மக்ரிபுக்குக் கறை. விமான நிலையத்தில் பெயரைப் பார்த்ததும் தனியாக வரச் சொல்வார்களே, அதே ஆத்திரம் வந்தது. ஒரு மனுஷி தன் நாள் எப்போது தொடங்குகிறது என்று சொன்னால் அதைச் சந்தேகப்பட நீ யார் என்று திரையைப் பார்த்தே கேட்டாள். கேட்டுக்கொண்டே அந்த வரியை எழுதினாள். பெருமையாகத் தன் பெயரையும் போட்டாள்.

அதற்கு விருது கொடுத்தார்கள். கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டாள்.

நிறுவனத் தலைவர் ரங்கப்ரசாத் அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். கோபப்படுகிறவர்களை இன்னும் கோபப்படுத்தும் அளவுக்கு நிதானமாகப் பேசுவார்.

"ருகையா, டெக்னிக்கலா இதுல பக் எதுவும் இல்ல. யூசர் செட்டிங். தன் நாள் எப்ப தொடங்கணும்னு யூசர் சொல்றாங்க, நம்ம மதிக்கிறோம். நீங்கதானே இதுக்காகச் சண்டை போட்டீங்க."

"யூசர் சொல்லல சார். குத்தகைக்காரன் இருநூத்திப் பன்னண்டு வில்லையில ஒரே நிமிஷத்துல ஏத்தியிருக்கான்."

"அந்தப் பெண்கள் கேட்டு அவர் ஏத்திக் கொடுத்திருக்கலாமில்லையா? கேக்கலன்னு யார் நிரூபிக்கப் போறா?"

"ஒரு பொம்பளைக்கு நாள் இருபத்துநாலு தடவை பிறக்கும்னு எந்த ஊர்ல சார் சொல்றாங்க?"

"எத்தனை தடவை வேணாலும் பிறக்கலாம்னு விட்டது நீங்க." அவர் குரலை ஏற்றவில்லை. "பாருங்க, இத மாத்தினா பத்தொன்பது ஆலையோட பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமப் போகும். அடுத்த பதிப்பு ஜூன்ல. அதுல சத்தமில்லாம சேர்த்துருவோம். இப்போதைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு பதில் தயார் பண்ணச் சொல்லியிருக்கேன். பயனர் தரப்பு அமைப்பு, எங்கள் பக்கம் பிழையில்லை. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஜூனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

"ஆமா."

"நாலு மாசத்துல அவ தங்கச்சிக்குப் பிரசவமே ஆயிரும்."

ரங்கப்ரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். ருகையா அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. அதைவிட மோசம், யாரைக் கவிழ்ப்பது என்று பார்த்தால் அந்த வரிசையில் முதல் ஆள் அவளாகவே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் செங்கரை ஆலையின் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ருகையாவும் தனக்கொடியும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலைப் பார்த்தபடி இருந்த பெஞ்சு. காற்றில் ஒரு இனிப்பு வாடை, நாக்கில் இரும்புச் சுவை. தனக்கொடி கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக் குடித்தாள். விரல்களை அவள் நம்பவில்லை.

"இப்ப கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"கண்டுபிடிச்சிட்டேன். வெளியாள் கொடுக்குற எதையும் எங்க மொழி நம்பாது, தனக்கொடி. கறை பட்டதுன்னு ஒதுக்கி வெச்சிரும். முக்கியமான எடத்துல தொட விடாது."

"எங்க ஊருல எங்களயும் அப்பிடித்தான் வெச்சிருந்தாங்க."

"அதேதான். எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு. எங்க ஆளுங்க நாளக் கறைன்னு சொல்றதுக்கு இதுக்கு என்ன உரிமைன்னு கோபம் வந்துச்சு. துடைச்சு விட்டேன்." ருகையா டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த ஓட்டை வழியாத்தான் பரசுராமன் நுழைஞ்சிருக்கான். அந்த வரிய எழுதினது நான்தான். வேற யாருமில்ல."

தனக்கொடி வாசலைப் பார்த்தாள். ஒரு லாரி உள்ளே போனது. செத்த ஆட்டோ பேட்டரிகள் அதன் முதுகில் குலுங்கின.

"என் கைய பாருங்க" என்றாள் பிறகு.

"பாத்தேன்."

"நல்லா பாருங்க." ருகையா பார்த்தாள். "உங்களத் திட்டணும் மேடம். நெறைய திட்டணும். இப்ப அதுக்கு நேரமில்ல, பவுனு உள்ள நிக்கிறா. மொதல்ல அத நிறுத்துங்க. திட்றதுக்கு அப்பறம் வரேன்."

"வாங்க."

"உங்க ஆளுங்க நாளு, எங்க ஆளுங்க நாளு, அதெல்லாம் நோம்புக்கும் கல்யாணத்துக்கும் வெச்சிக்கோங்க. ரத்தத்துக்குத் திங்களும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. உள்ள போனது போனதுதான்."

ருகையா மடிக்கணினியைத் திறந்தாள். திருத்தத்தை முந்தின நாளே எழுதிவிட்டாள், பதினோரு வரிதான். நாள் எப்போது பிறந்தாலும் பிறந்துவிட்டுப் போகட்டும். வில்லை இனி நாளைக் கேட்காது, கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் போன மூச்சை மட்டும் கூட்டும். வில்லைக்குள் ஒரு மாதத்து அளவு அப்படியே பதிவாகி இருக்கும், அதனால் கடந்துபோன மணிகளையும் உடனே கூட்டிவிடும். அந்தி நேரத்துக்குத் திரும்பவும் கறைக் குறி வைக்கும் வரியைத் தட்டச்சில் அடித்தபோது மட்டும் விரல் ஒரு கணம் நின்றது. உம்மா ஞாபகம் வந்தது. அடித்துவிட்டாள்.

இழையில் ஒரு விதி இருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் பிரிவுத் தலைவர் யாரையும் கேட்காமல் அவசரத் திருத்தம் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் உலகத்துக்கே தெரியும்படி இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். பிழையைக் கண்டவர் என்ற கட்டத்தில் தனக்கொடி, செங்கரை என்று எழுதினாள். பிழையை நுழைத்தவர் என்ற கட்டத்தில் தன் முழுப்பெயரை எழுதினாள். இந்த வேலை இன்றோடு போயிற்று என்று தெரியும். ரங்கப்ரசாத்தின் முகத்தை நினைத்தபோது ஒரு அற்பச் சந்தோஷம்கூட வந்தது. அனுப்பினாள்.

அரை மணிக்கு ஒரு தரம் ஆலைக் கணினி புதிய நிரலைத் தேடும். காத்திருந்தார்கள். இரண்டாவது டீ ஆறியது.

இரண்டு மணிக்கு உள்ளே ஒரு சங்கு ஊதி நின்றது. உருளைகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த இரைச்சல் அத்தனை நேரமும் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் ருகையாவுக்குத் தெரிந்தது. டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "பகல்ல அது நின்னு நான் பாத்ததில்லையே" என்றார்.

கதவு திறந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராக வெளியே வந்தார்கள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஒவ்வொருத்தி நெஞ்சிலும் சிவப்பு. ஒருத்தி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், அழுக்கு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எண்ண ஆரம்பித்த ருகையா நாற்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு பச்சைகூட வரவில்லை.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு பவுனு வந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பல்லி செவந்துபோச்சுக்கா. என்னமோ அறுநூறுன்னு காட்டுது. வரம்பு நூறுன்னாங்களே, அறுநூறுன்னா இன்னாக்கா அர்த்தம்?"

தனக்கொடிக்குத் தெரியும். ருகையாவுக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை. "பிரசவம் வரைக்கும் வீட்ல இருக்கலாம்னு அர்த்தம்" என்று சொல்லித் தனக்கொடி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

திங்கட்கிழமைக்குள் எல்லோரும் அவரவர் வேலையைக் காட்டிவிட்டார்கள். பத்தொன்பது ஆலைகளில் ஆறில் சிவப்பு எரிந்தது. பரசுராமனின் வழக்கறிஞர் அறிக்கை விட்டார்: தன் கட்சிக்காரருக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பெண்கள்தான் தங்கள் நம்பிக்கைப்படி நாளை அமைத்துத் தரச் சொன்னார்கள், ஏழை எளியவர்களின் வழக்கத்தை மதித்தது குற்றமா என்று கேட்டிருந்தார். நிறுவனம் தன் பங்குக்கு ஒரு வரி விட்டது, ஓர் ஊழியரின் தனிப்பட்ட கவனக்குறைவு என்று. கூட இருந்தவர்கள் யாரும் ருகையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குத்தகைக்காரன் வேண்டுமென்றே செய்தான் என்பதற்கு ஆதாரம் என்ன என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்ட ஆட்கள் மாறி மாறிக் கேட்டார்கள். ஒருவரிடமும் பதில் இல்லை. ருகையாவிடமும் இல்லை. அதுதான் அவளை மென்று தின்றது. தப்பைத் திருத்தியாயிற்று, செய்தவன் மட்டும் சட்டை கசங்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

மேசையைக் காலி செய்ய அவளுக்கு மதியம் வரை நேரம் கொடுத்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் கீழேயிருந்து போன் வந்தது, அதே அம்மா திரும்ப வந்திருக்கிறார் என்று. ருகையா இறங்கிப் போனாள். சோபாவில் மறுபடி செய்தித்தாள் விரித்திருந்தது. தனக்கொடி இம்முறை உட்காரவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ருகையா அந்தத் தாளை உருவிக் கசக்கி வரவேற்பறைப் பெண்ணின் மேசை மேல் போட்டாள். "இவங்க என்கூட மேல வர்றாங்க" என்றாள். அடையாள அட்டை வேண்டும் என்று அந்தப் பெண் முனகியதை இருவரும் காதில் வாங்கவில்லை.

"திட்ட வந்தேன்" என்றாள் தனக்கொடி, அறைக்குள் வந்ததும்.

"திட்டுங்க. கதவ வேணா சாத்திக்கலாம்."

தனக்கொடி மூச்சை இழுத்துக்கொண்டாள். அட்டைப் பெட்டிகளைப் பார்த்தாள், காலியான அலமாரியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அங்கே அந்த ஒரு சட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போவதா குப்பையில் போடுவதா என்று ருகையாவுக்கு முடிவு செய்ய முடியவில்லை.

"இது இன்னா?"

"நான் ஏமாந்த கதை. இவங்க கேட்டாங்கன்னுதான் அந்த வரிய எழுதினேன். இவங்க யாரு எவருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

தனக்கொடி கண்ணாடிக்கு அருகில் போனாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைப்போல மெதுவாகப் படித்தாள். பிறகு கீழே கையெழுத்துகளுக்கு வந்தாள். தொங்குகிற கையை இடது கையால் தூக்கிப் பிடித்து, அதன் விரலைக் கண்ணாடி மேல் ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். பதினேழாவது வரியில் விரல் நின்றது.

"மேடம். இது நானு."

ருகையாவுக்குப் புரியவில்லை.

"என் கையெழுத்து. தனக்கொடி. கொம்பு பாருங்க, நான் இப்பிடித்தான் நீட்டிப் போடுவேன்." விரல் நகர்ந்தது. "இது பவுனு. இது தேசம்மா, போன வருஷம் செத்துட்டா. இது லூர்து. எல்லாம் எங்க ஷிப்ட்டு. வேலைக்குச் சேந்த அன்னிக்குப் பரசுராமன் ஒரு கட்டு பேப்பர் குடுத்தான். பல்லி வாங்கினதுக்கு, செருப்பு வாங்கினதுக்குன்னு. அடில போடு, அடில போடுன்னான். போட்டோம். மேல இன்னா எழுதியிருந்துதுன்னு இப்பத்தான் படிக்கிறேன்."

ருகையா கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் அவள் வரியை எழுதினாள். அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் வில்லைகளில் கோப்பு ஏறியது. கேட்டது, வாங்கியது, ஏற்றியது, மூன்றும் ஒரே ஆள். ஊரெல்லாம் தேடுகிற ஆதாரம் நாலு வருடமாக அவள் தலைக்கு எதிரே தொங்கியிருக்கிறது. அவள் தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்திருக்கிறாள்.

"நாப்பத்தாறு பேருல எத்தன பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள். 

"முப்பத்தெட்டு. எல்லாரும் வந்து சொல்லுவோம்." தனக்கொடியின் விரல் இன்னும் தன் பெயரின் மேலேயே இருந்தது. "அப்ப என் கை எவ்வளவு நேரா இருந்திருக்குது பாருங்க."

ருகையா சட்டத்தைக் கழற்றினாள். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டாள், அவற்றில் அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை. பொறுமையில்லாத அவள் முதல்முறையாக லிஃப்டுக்குக் காத்திருந்தாள், தனக்கொடிக்குப் படி இறங்கினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கதவு மூடியது.

"இப்ப திட்டட்டுமா?" என்றாள் தனக்கொடி.

"ம்."

ஏழாவது மாடியிலிருந்து கீழ்த்தளம் வரும் வரை அவள் திட்டினாள். கலைந்த இரண்டு பிள்ளைகளையும் சொல்லித் திட்டினாள், தேசம்மாவைச் சொல்லித் திட்டினாள், படித்த திமிரைச் சொல்லித் திட்டினாள். நான்காவது மாடியில் ஏற வந்தவர்கள் ஏறாமல் பின்வாங்கினார்கள். ருகையா சட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டாள்.